நஞ்சையில் மனை போடக் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டால் அது நிற்குமா?

கடைமடைக்காரன் எழுதியது:

ஊர்ப் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, பாளையங்கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற குளங்களில் ஒன்று எங்களுடையது, அவ்வளவு தெரிந்தால் போதும். பழவூர் அணைக்கட்டில் பிரிகிற தண்ணீர் மேலப்பாளையம், பாளையங்கோட்டை இரண்டுக்குள்ளும் புகுந்து, அங்கே கொட்டியதை எல்லாம் சுமந்துகொண்டுதான் எங்களிடம் வரும். பழைய தலையணை கூட வந்திருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் வாய் திறப்பதில்லை. வந்தால் போதும் என்கிற நிலைமை.

குளத்துக்குக் கீழே எனக்கு மூன்று ஏக்கர் சொச்சம். மழைக்காலப் போகமான பிசானத்துக்கு அம்பை 16 நெல் நடுவேன். ஜூனில் தொடங்கும் கார் சாகுபடி எங்களுக்குப் பெயருக்குத்தான். பாபநாசத்தில் ஜூன் முதல் தேதி திறந்தாலும் மேலே இருக்கிறவர்கள் நாற்றுப் பாவி முடிப்பதற்குள் அணையில் தண்ணீர் இறங்கிவிடும். ஆக, வருஷத்துக்கு ஒரு போகம். அந்த ஒரு போகத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

குளத்து மடையைத் தாண்டியதும் முதலில் பாய்கிற தலை வயல்கள் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கும். மூன்று பேருடையது. வீட்டு மனை போட வெளியூர்க்காரர் ஒருவர் மூன்று பேரிடமும் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். போன பிசானத்துக்கே அங்கே உழவு இல்லை, வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது. போன வாரம் ஜேசிபி வந்து வரப்பைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. கலர் கொடி இன்னும் கட்டவில்லை. அதுவும் வந்துவிடும்.

எங்கள் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. தலை வயல் நிறைந்து, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று பாய்ந்துதான் வரும். மேலே மண் அடித்து ரோடு போட்டுவிட்டால் கீழே இருக்கிற நாற்பது ஏக்கருக்கும் குளம் நிரம்பினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. விற்றது மூன்று பேர், தரிசாகப் போவது எல்லோருடையதும்.

என் தங்கச்சி மகள் கலிபோர்னியாவில் வென்சுரா கவுண்டியில் இருக்கிறாள். அங்கே விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்ற வேண்டும் என்றால் ஊர் மக்களிடம் ஓட்டு வாங்க வேண்டுமாம். கவுன்சில் மட்டும் முடிவு செய்ய முடியாதாம். ஃபோனில் இதைச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நமக்கு ஓட்டு இல்லை, ஆனால் கிராம சபை இருக்கிறதே? ஆகஸ்ட் 15 கிராம சபையில் 'இந்த ஊராட்சிக்குள் நஞ்சையில் மனைப் பிரிவு கூடாது' என்று ஒரு தீர்மானம் போட்டால் அதற்கு என்ன மதிப்பு? கலெக்டர் ஆபீஸில் மதிப்பார்களா, குப்பைக்குப் போகுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? தலைவரிடம் கேட்டால் 'போட்ருவோம் அண்ணாச்சி' என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய அடங்கல் எழுதியது:

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் காகிதங்கள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

அண்ணாச்சி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் திருநெல்வேலி உள்ளூர் திட்டக் குழும எல்லைக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விவசாய உபயோகம் என்று இருந்தால் அதை மாற்றத் தனியாக விண்ணப்பம் போக வேண்டும். வெளியே என்றால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பிறகு சேர்த்த 47-ஏ பிரிவும், அதற்கு 2017-ல் வந்த விதிகளும். நஞ்சையை மாற்றுவது புஞ்சை மாதிரி லேசில் முடியாது, ஆட்சியர் வரைக்கும் போகும், வேளாண் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். காகிதத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

அது எங்கே ஓட்டையாகிறது என்றால் அடங்கலில், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கில். விற்கப் போகிறவன் இரண்டு மூன்று வருஷம் பயிர் ஏற்றாமல் போடுவான். அடங்கலில் தரிசு என்று தொடர்ந்து ஏறும். பிறகு 'இது சாகுபடிக்கு லாயக்கில்லாத நிலம்' என்று மனு எழுதுவதற்கு அதுவே ஆதாரம். உங்கள் தலை வயலில் வேலிக்கருவை தானாக முளைத்தது என்றா நினைக்கிறீர்கள்?

அங்கீகாரம் வாங்காமல் மனை விற்க முடியுமா என்றால், பழைய காலம் மாதிரி முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் போட்ட தடைக்குப் பிறகு, அந்த மாதிரிப் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு கெடுபிடியாகிவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் ஒரு வழி உண்டு, புதிதாகக் கல் ஊன்றினால் இல்லை. அதனால் உங்கள் ஆள் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரத்துக்குக் கட்டாயம் வருவார். தொழில்நுட்ப அனுமதி அவர்கள் தருவார்கள், இறுதி ஒப்புதல் ஊராட்சி தர வேண்டும். தலைவர் சிரித்தார் என்றீர்களே, அந்தக் கையெழுத்து அவருடையதுதான். ஊர் முழுக்கக் கை தூக்கிய தீர்மானம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும்போது கையெழுத்துப் போட ஒருவர் கொஞ்சம் யோசிப்பார். கிராம சபைத் தீர்மானத்துக்கு இந்த விஷயத்தில் உள்ள பலம் அதுதான். அது சட்டம் ஆகாது, யாரையும் கட்டிப் போடாது. ஆனால் நாளைக்கு ஆட்சேபணை மனுவிலோ ரிட் மனுவிலோ முதல் இணைப்பாக வைக்க உதவும்.

குறைவெண் வரம்பைக் கவனியுங்கள். மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும். டீ, வடை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களை வைத்து நிறைவேற்றினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

என்னைக் கேட்டால், நிலத்தை விடுங்கள், தண்ணீர்ப் பாதையைப் பிடியுங்கள். 'நஞ்சையில் மனை கூடாது' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அது கோஷம். 'இன்ன மடையிலிருந்து இன்ன சர்வே எண்கள் வழியாக இத்தனை ஏக்கர் பாய்கிறது, இதை அடைத்தால் கீழுள்ள இன்னின்ன பட்டாதாரர்களுக்குப் பாசனம் நிற்கும்' என்று எழுதினால் அது ஆவணம். எஃப்எம்பி என்கிற புல வரைபடத்தின் நகல் வாங்குங்கள். அதில் புறம்போக்கு வாய்க்கால் கோடு இருந்தால் அதன்மேல் யாரும் ரோடு போட முடியாது, பாலம் கட்டவே நீர்வளத்துறை தடையின்மைச் சான்று தர வேண்டும். உங்கள் சிக்கல், வயல் விட்டு வயல் பாய்வதற்கு வரைபடத்தில் கோடு இருக்காது. வரைபடத்தில் இல்லாத வாய்க்காலைத்தான் ஜேசிபி முதலில் மூடும். ஆனால் தலைமுறையாகப் பாய்ந்து வந்த பாத்தியதை சட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை, 1882 வசதியுரிமைச் சட்டமே அதற்குத்தான் இருக்கிறது. கீழ் வயல்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து இப்போதே எழுத்தில் கொடுங்கள். ரோடு போட்ட பிறகு போனால் 'மனை வாங்கிய அப்பாவிகள்' என்று வேறு ஒரு கூட்டம் எதிரே நிற்கும்.

நெல்லைப் பிள்ளை, வென்சுரா எழுதியது:

மாமா, ஃபோனில் நான் அரைகுறையாகச் சொன்னதை இப்படிப் பொதுவில் போடுவீர்கள் என்று தெரிந்திருந்தால் விவரமாகச் சொல்லியிருப்பேன். அம்மாதான் இந்த லிங்கை அனுப்பினாள்.

இங்கே 1995-ல் வென்சுரா நகரத்தில் ஆரம்பித்தது. விவசாய நிலம் என்று திட்டத்தில் குறித்த இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமானால் வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும் என்று மக்களே கையெழுத்துத் திரட்டி, வாக்குச் சீட்டில் வைத்து ஜெயித்தார்கள். 1998-ல் கவுண்டி முழுக்க. ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் இந்தக் கோட்டுக்கு வெளியே ஊர் வளரக் கூடாது என்று வரைபடத்தில் எல்லை. 2016 நவம்பரில் அதை 2050 வரை நீட்டித்தார்கள். குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டே அதற்குத்தான். இதற்கு முன்னோடி நாப்பா. அங்கே 1990-ல் கொண்டு வந்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1995-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கோடு போட்டதால் ஒன்றுமே கட்ட முடியாது என்று இல்லை. பக்கத்தில் சான்டா பவுலா என்று எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே ஒரு பெரிய தோட்டக் கம்பெனி சுமார் 500 ஏக்கரில் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டப் போகிறோம் என்று 2008-ல் மக்களிடம் கேட்டது. மக்கள் சரி என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். ஊருக்கு என்ன செய்வாய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. உங்கள் தலை வயல் ஆள் அந்த மாதிரி உங்களிடம் வந்து கேட்கிற நிலைமை இருந்தால் தண்ணீருக்குக் குழாய் பதிக்காமல் ஒரு கல் ஊன்ற முடியுமா?

ஆனால் மாமா, இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகும். இங்கே வீட்டு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆக்ஸ்னார்டில் ஸ்ட்ராபெரி பறிக்கிறவர்கள் ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பமாக இருக்கிறார்கள். நிலத்தைக் காப்பாற்றினோம், நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு இடம் இல்லை. கோடுதான் காரணமா என்று இங்கே ஓயாத சண்டை. 2016-லேயே விவசாயிகள் தரப்பில் சிலர் போட்டியாக வேறொரு தீர்மானம் வைத்தார்கள், தோற்றது. நிலச் சொந்தக்காரர் எல்லோரும் இந்தக் கோட்டை விரும்பினார்கள் என்று நினைக்காதீர்கள். ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தது பெரும்பாலும் என்னை மாதிரி ஒரு சென்ட் நிலம் இல்லாத ஆட்கள்.

விற்று முடித்தவன் எழுதியது:

கடைசி வரியை அந்தத் தங்கச்சி நேர்மையாகச் சொன்னது. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நிலம் ஒருவனுடையது, ஓட்டு ஊருக்கா?

நான் சுத்தமல்லிப் பக்கம். இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது, கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்பவர்கள் ஒரு பிசானம் நட்டுப் பார்க்கட்டும். உழவு, நடுகை, உரம், களை, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் கையிலிருந்து போன பிறகு மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டு போனால் ஈரப்பதம் 17-ஐத் தாண்டிவிட்டது, காய வைத்துக் கொண்டு வா என்பார்கள். எங்கே காய வைக்க? நாலுவழிச் சாலையிலா? அதையும் செய்தோம். ராத்திரி காவல் கிடந்தோம். யாராவது வந்து அண்ணாச்சி உங்கள் வயல் ஊருக்கே பொதுச் சொத்து, இந்தாருங்கள் கூலி என்று ஒரு ரூபாய் நீட்டினார்களா?

பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து பச்சை வயலை ஃபோட்டோ எடுக்கிறவனுக்கு நிலம் பச்சையாகவே இருக்க வேண்டும். அவன் இருக்கிற மனையும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்ததுதான். பெரிய பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்தில் நிற்கிறது. அரசாங்கம் குளத்துக்குள் கட்டினால் வளர்ச்சி, நான் வயலை விற்றால் துரோகம்.

எனக்கு மகள் கல்யாணம் வந்தது, விற்றேன். உங்களுக்கு வந்தால் நீங்களும் விற்பீர்கள் அண்ணாச்சி. தீர்மானம் போட்டு வைத்தால் அன்றைக்கு உங்கள் மூன்று ஏக்கரும் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். யோசித்துக் கை தூக்குங்கள்.

நெல்லைப் பிள்ளை, வென்சுரா எழுதியது:

அண்ணன் கேட்டதற்கு ஒரு தகவல். இங்கே 1965-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு விவசாயம் தவிர வேறொன்றும் செய்ய மாட்டேன் என்று கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். பக்கத்து மாநிலமான ஓரிகனில் 1973-லேயே ஒவ்வொரு நகரத்துக்கும் எல்லை வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 2004-ல் நிலக்காரர்கள் உங்களைப் போலவே கேட்டார்கள்: எங்கள் நில மதிப்பைக் குறைத்தீர்கள், நஷ்டஈடு கொடுங்கள், இல்லாவிட்டால் விதியைத் தளர்த்துங்கள் என்று. ஓட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். மூன்றே வருஷத்தில், 2007-ல், அதே மக்கள் இன்னொரு ஓட்டுப் போட்டு அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். ஆக, யாருக்கும் முழுசாகத் தீர்ந்த வழக்கு இல்லை இது.

பழைய அடங்கல் எழுதியது:

வரியைக் குறைப்பது இங்கே நடக்காது. நம்ம ஊர் நஞ்சைத் தீர்வையே டீக்கடைப் பாக்கி அளவுதான், அதில் எதைக் குறைக்க?

கீழத்தெரு எழுதியது:

எல்லோரும் நிலம் உள்ளவர்கள் பேசுகிறீர்கள். நான் நிலம் இல்லாத பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா நடுகைக்குப் போனவள், களை பறிக்க இப்பவும் போகிறாள். இப்போது நடுகை மிஷின் வந்துவிட்டது, அறுப்பு மிஷின் எப்போதோ வந்துவிட்டது. வயலை நம்பி நாங்கள் பிழைக்கிறோம் என்று எங்களைக் காட்டித் தீர்மானம் எழுதாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்கிறது. பட்டா கேட்டு மனு கொடுத்து வருஷங்கள் ஆகின்றன. மனைப் பிரிவு வந்தால் நாங்கள் வாங்கிவிடுவோமா? இல்லை. அந்த விலைக்கு நெருங்கவே முடியாது. ஆனால் 'ஊராட்சிக்குள் வீட்டு மனையே கூடாது' என்று நீங்கள் எழுதி வைத்தால் நாளைக்கு ஆதிதிராவிடர் நலத்துறை எங்களுக்கு இடம் பார்க்க வரும்போது அதே காகிதத்தை யாராவது நீட்டுவார்கள். நீட்டக் கூடிய ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது அண்ணாச்சிக்கும் தெரியும்.

அதனால் தீர்மானத்தில் எங்கே கட்டக் கூடாது என்பதோடு எங்கே கட்டலாம் என்பதையும் எழுதுங்கள். குளத்துக்கு மேற்கே மேட்டில் புஞ்சை எவ்வளவு கிடக்கிறது? உடை மரமும் பனையும் தவிர அதில் என்ன இருக்கிறது? முதலில் எங்கள் தெருவுக்கு அதில் இடம் என்று எழுதினால் நூறு பேர் என்ன, இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.

இன்னொன்று. மாநகராட்சியோடு சேர்க்கிற பேச்சு பக்கத்து ஊராட்சிகளில் அடிக்கடி வருகிறது. சேர்த்துவிட்டால் கிராம சபையே கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. அதையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும்.

கடைமடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை.

விற்று முடித்த அண்ணாச்சிக்கு முதலில். விற்றதை நான் குறை சொல்லவே இல்லை. கொள்முதலில் மூட்டையைத் திருப்பி அனுப்பிய வேதனை எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் சொல்கிற 'என் நிலம் என் இஷ்டம்' என்பது புஞ்சைக்குச் சரி, கிணறும் அவனுடையது, நஷ்டமும் அவனுடையது. குளத்துப் பாசனத்தில் எந்த வயலும் தனி வயல் இல்லை. என் நெல்லுக்குத் தண்ணீர் என் பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டால்தான் வரும், நான் வெட்டிவிட்டால்தான் அடுத்தவனுக்குப் போகும். எங்கள் அப்பா காலத்தில் யார் முதலில் பாய்ச்சுவது என்று மண்வெட்டியோடு சண்டை போட்டவர்கள் கூட வரப்பை அடைத்து வைக்கவில்லை. அட்வான்ஸ் வாங்கிய மூன்று பேரும் தங்கள் மண்ணை விற்கலாம். அதன் வழியாக எங்களுக்கு வருகிற தண்ணீரை அவர்கள் எப்படி விற்க முடியும்? அந்த விலையில் என் பங்கு எங்கே? இதைத்தான் சபையில் கேட்கப் போகிறேன். 'நிலத்தைக் காப்போம்' என்று பேனர் கட்டப் போவதில்லை.

கீழத்தெருத் தம்பி சொன்னது நியாயம். மேட்டுப் புஞ்சையை எழுதுவதற்கு எனக்குத் தடை இல்லை. அதில் இரண்டு சர்வே எண் என் பெரியப்பா மகனுடையது, அவரிடம் பேச வேண்டும், அவர் லேசில் மசிய மாட்டார். அரசு நிலமும் அங்கே ஒட்டிக் கிடக்கிறது, கிராமக் கணக்கில் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அன்றைக்கு எங்கள் குளம் மறுகால் பாய்ந்து தலை வயல் முழுக்க இடுப்பளவு தண்ணீர். மேட்டில் மட்டும்தான் மாடு கட்ட முடிந்தது. வீடு கட்ட வேண்டிய இடம் எது, தண்ணீர் நிற்க வேண்டிய இடம் எது என்று அன்றைக்கே தெரிந்துபோனது. அந்தத் தலை வயலில் மனை வாங்கப் போகிறவனுக்கு இதை யாரும் சொல்லப் போவதில்லை. வங்கிக் கடன் போட்டு வாங்குவான் பாவம்.

டெல்டாவுக்குப் போட்ட மாதிரி நமக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் வேண்டும் என்று இங்கே சிலர் தனிச் செய்தியில் எழுதினார்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுப் பாசனம் 86,000 ஏக்கருக்கு மேல். கேட்கலாம், தப்பில்லை. எங்கள் பிரச்சினைக்கு அது உதவுமா, பழைய அடங்கல் ஐயாதான் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். வயல் விட்டு வயல் பாய்வதை எப்படி நிரூபிப்பது? வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? தலைவர் தீர்மானத்தை அஜெண்டாவில் சேர்க்காமல் விட்டால் என்ன செய்ய?

பழைய அடங்கல் எழுதியது:

டெல்டா சட்டம் 2020-ல் வந்தது. அது தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரியான தொழில்களை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. தஞ்சாவூரில் நஞ்சையில் மனை போடுகிறவனை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது. அந்த வழியில் பார்த்தால் செங்கோட்டை தாண்டி நம்ம பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2008 நெல்வயல் சட்டம் நேரடியாக வயலை நிரப்புவதையே தடுக்கிறது. ஊராட்சி அளவில் விவசாயிகளையும் சேர்த்துக் கண்காணிப்புக் குழு, எது நெல்வயல் என்று சர்வே எண்ணோடு பட்டியல். அங்கேயும் பட்டியலில் விட்டுப்போனது, சேர்த்தது என்று தகராறு உண்டு. ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு அதுதான் இல்லை.

நிரூபிக்க: கிராமத்து நில விவரம் உள்ள பழைய 'அ' பதிவேட்டில் உங்கள் வயல் எந்த நீராதாரத்தின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) என்று இருக்கும். ஒரே குளத்தின் ஆயக்கட்டாக நாற்பது ஏக்கரும் பதிவாகி, வரைபடத்தில் வேறு வாய்க்கால் கோடு இல்லை என்றால், தண்ணீர் வயல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வானத்திலிருந்து குதிக்காது. கூடவே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் பெயர் இருக்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். பிசானத்துக்குத் தண்ணீர் விடும்போது மடை திறப்பதிலிருந்து கடைசி வயல் நனைகிற வரைக்கும் தேதி விழுகிற மாதிரி ஃபோனில் படம் எடுங்கள். வரப்பைத் தட்டியதையும் இப்போதே எடுத்து வையுங்கள். அடங்கலில் உங்கள் பயிர் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், மேலே தரிசு ஏறும்போது கீழேயும் சேர்த்துத் தரிசு என்று எழுதிவிடுவது நடக்கிற காரியம்.

அஜெண்டாவுக்கு: இப்போதே எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஒரு நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஒன்று ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில். கூட்டத்தில் எழுதாமல் விட்டால் எழுதும் வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது. வேறு வழி கிடையாது. அங்கீகார விண்ணப்பம் உள்ளே போய்விட்டதா என்று தகவல் உரிமையில் இன்றைக்கே கேளுங்கள், பதில் வரவே முப்பது நாள் ஆகும்.

நெல்லைப் பிள்ளை, வென்சுரா எழுதியது:

மாமா, பெரியப்பா மகன் என்று நீங்கள் எழுதியது யாரைப் பற்றி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவரிடம் அம்மா பேசட்டும், நீங்கள் பேசினால் சண்டையில்தான் முடியும்.

விற்று முடித்தவன் எழுதியது:

தண்ணீர் வருகிற வழியை அடைக்கக் கூடாது என்று மட்டும் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் பக்கமும் அப்படி ஒன்று எழுதக் கேட்பேன், என் தம்பிக்குக் கீழே இன்னும் வயல் இருக்கிறது. மனை போடுகிறவனே கீழ் வயலுக்குக் குழாய் பதித்துக் கொடுத்துவிட்டுப் போடட்டும் என்று எழுதுங்கள். பத்து சதவீதம் பூங்காவுக்கு என்று ஒதுக்கி அதில் நாய் படுத்துக் கிடக்கிறது, அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் நஞ்சையை விற்கவே கூடாது என்று ஒரு வரி இருந்தால் நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.